இடது கிட்னி

மூடியை அழுத்தி மூடிவிட்டேன். இனி ஒன்றரை மணி நேரம் இந்த மிஷின் முன்னால் உட்கார்ந்திருப்பதைத் தவிர எனக்கு வேலை இல்லை, உட்கார்ந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை, மற்ற நாளில் ஓடவிட்டுவிட்டு கேண்டீனுக்குப் போய் பக்கத்து லேப் ஹபீபாவோடு ஒரு வடையைப் பாதியாகப் பிய்த்துத் தின்றுவிட்டு வருவேன், அதுபாட்டுக்கு ஓடும், முடிந்ததும் பீப் அடிக்கும். இன்று எழுந்திருக்க முடியவில்லை. உள்ளே சின்னச் சின்னக் குழாய்கள், நகத்தளவு, ஒவ்வொன்றிலும் ஒரு ஆளுடைய ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த துளி, அதில் ஒன்று என் அண்ணன் திருமேனியுடையது. சூடாகி, ஆறி, சூடாகி, ஆறி, ஒவ்வொரு சுற்றுக்கும் வைரஸின் நகல் இரட்டிப்பாகும், போதுமான அளவு சேர்ந்ததும் திரையில் தரையோடு தரையாகக் கிடக்கிற கோடு தலைதூக்கும். சீக்கிரம் தூக்கினால் வைரஸ் நிறைய இருக்கிறது என்று அர்த்தம். தாமதமாகத் தூக்கினால் கொஞ்சம். தூக்கவே இல்லையென்றால் இல்லை. இவ்வளவுதான் என் பிழைப்பு, கோடு எப்போது எழும்புகிறது என்று பார்த்துச் சொல்வது. இந்த ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன், சொல்லிவிட்டு மத்தியானம் கீரையில் உப்பு இல்லை என்று குறைபட்டிருக்கிறேன். இன்று அண்ணனின் கோடு சீக்கிரம் எழும்பினால் அண்ணனின் கிட்னி போய்விட்டது. அண்ணனின் என்கிறேன். என்னுடைய கிட்னி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் இடுப்பின் இடப்பக்கத்திலிருந்து எடுத்து அவன் அடிவயிற்றில் வைத்தது.

ஏ.சி. குளிர் தழும்பில் இறங்குகிறது. மிஷினுக்காகத்தான் இவ்வளவு குளிர், எங்களுக்காக அல்ல, எங்களுக்கு வியர்த்தால் ஒருவரும் கேட்கமாட்டார்கள். குளிரில் தழும்பு இழுக்கும், இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் உட்காருவேன். கொடுத்தாய், கொடுத்தாய் என்று எல்லோரும் சொல்கிறார்கள், கல்யாண வீட்டில்கூட ஒரு அம்மாள் என் கன்னத்தைத் தடவி நெட்டி முறித்து, அண்ணனுக்குக் கொடுத்த மகராசி என்றாள், எனக்கு எரிச்சலாக வந்தது. எனக்கு அது கொடுத்த மாதிரியே இல்லை. டயாலிசிஸ் காலத்தில் ஒருநாள் உசிலம்பட்டிக்கு அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். மதினி தண்ணீர்க் குடத்தை அவன் கண்ணில் படாத இடத்தில், அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள். அவனுக்கு நாள் முழுக்க ஒரு டம்ளர்தான் அனுமதி. வெயிலில் நாளெல்லாம் காரில் உட்கார்ந்து ஊருக்கே வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவன், சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தவன், ஐஸ்கட்டி ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு கண்ணை மூடிப் படுத்திருந்தான், கன்னம் ஒரு பக்கம் மட்டும் புடைத்திருந்தது. அந்தப் புடைப்பைப் பார்த்தேன், அவ்வளவுதான், முடிவு செய்தாகிவிட்டது, அதில் யோசிக்க என்ன இருக்கிறது. யோசித்ததெல்லாம் என் வீட்டுக்காரர்தான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சம்மதக் கையெழுத்துப் போட்டார், போட்டுவிட்டு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. ஆபரேஷன் முடிந்த மறுநாள் நர்ஸ் மூத்திரப் பையைத் தூக்கிக் காட்டினாள், நிறைந்திருந்தது, நல்ல எலுமிச்சை நிறம், மதினி அதைப் பார்த்துக் கைகூப்பினாள். மூத்திரத்தைப் பார்த்துக் கும்பிட்ட குடும்பம் எங்கள் குடும்பம். அதற்குப் பிறகு அண்ணன் தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் வயிற்றைத் தட்டி, ‘இந்தா மங்கை, ஒனக்குத்தான், குடி’ என்பான். நான் எதிரில் உட்கார்ந்திருந்தாலும் என்னைப் பார்க்காமல் வயிற்றைப் பார்த்துச் சொல்வான். இவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது.

திரையில் எல்லாக் கோடுகளும் தரையோடு கிடக்கின்றன. இன்னும் நேரம் இருக்கிறது. சூடாகி, ஆறி. கிட்னியோடு இதுவும் போனது, இந்த வைரஸும். என்னிடமிருந்து. அதை நினைக்காமல் இருக்கப் பார்க்கிறேன், நாக்கு பல் ஓட்டைக்குப் போகிற மாதிரி மனசு அங்கேயேதான் போகிறது. பெரிய கிருமியெல்லாம் இல்லை, ஊரில் முக்கால்வாசிப் பேர் உடம்பில் இருக்கும், சின்ன வயசில் ஒரு சளியோ காய்ச்சலோ மாதிரி வந்து கிட்னிக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும், சாகிற வரை அது இருப்பதே தெரியாது. எனக்கும் தெரியவில்லை. என் உடம்பு அதைத் தலையில் தட்டித் தட்டி உட்கார வைத்திருந்தது. அண்ணன் உடம்புக்குப் போனதும், அங்கே தட்டுவதற்கு ஆள் இல்லை, அந்நியக் கிட்னியை உடம்பு தாக்காமல் இருக்க எதிர்ப்புச் சக்தியை மாத்திரை போட்டு அமுக்கி வைத்திருக்கிறார்கள், அது எழுந்துகொண்டது. அவன் ரத்தத்தில் இருந்ததையும் என் சிறுநீரில் இருந்ததையும் மரபெழுத்து வரிசை பிரித்து ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒன்றேதான். எழுத்துக்கு எழுத்து ஒன்று. டாக்டர் பிலோமினாவிடம் மட்டும் சொன்னேன், அவர்தான் அண்ணனைப் பார்க்கிற கிட்னி டாக்டர். ‘அதுல ஒங்க தப்பு என்னம்மா இருக்கு’ என்றார். தப்பு என்று நான் சொல்லவே இல்லையே. பிறகு எதற்கு அதைச் சொன்னார்?

எழுந்தது என்றுகூடச் சொல்லக்கூடாது, அதற்கு எழக்கூடத் தெரியாது. எனக்குத் தெரியும், இந்த வைரஸின் உறவுக்காரன் ஒன்றை வைத்துத்தான் நான் பி.எச்டி. பண்ணினேன், என் இருபதுகள் முழுக்க அதிலேயே போயிற்று. வெறுங்கையோடு வருகிற ஜென்மம் அது. தன்னை நகலெடுக்கிற புரதம்கூட அதனிடம் கிடையாது. எல்லாம் செல்லினுடையது. நம்முடையது. நம் மரபிழையைப் பிரிக்கிற புரதம், முறுக்கைத் தளர்த்துகிற புரதம், எதிரெழுத்தைத் தேடிக் கோக்கிற புரதம், எல்லாம் நம் செல் தனக்கென்று செய்து வைத்தவை. கிட்னி செல் வளர்ந்து முடித்து ஓய்ந்த செல், இனி இரண்டாகப் பிரிய வேண்டியதில்லை என்று அவற்றையெல்லாம் கட்டி மூலையில் போட்டிருக்கும். மூலையைக் காக்க ஒரு புரதம் நிற்கும். வைரஸிடம் இருப்பது சொல்லிக்கொள்ளும்படி ஒரே ஒரு புரதம், அது நேரே போய் அந்தக் காவல் புரதத்தின் கையைப் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான், செல் விழித்துக்கொண்டு தனக்குத்தான் பிரிகிற வேளை வந்துவிட்டது என்று நம்பி எல்லாவற்றையும் எடுத்து முற்றத்தில் வைக்கும். ஒவ்வொரு புரதமும் ஓடி வந்து வேலை செய்யும். யாருக்கு என்று கேட்காது. வஞ்சகமே இல்லாமல், ஒழுங்காக, ஒரு எழுத்துப் பிசகாமல் நகலெடுத்துக் கொடுக்கும், செல் வெடித்துச் சாகிற வரைக்கும். இந்தப் புரதங்களின் மேல் எனக்கு ஒரு காலத்தில் வியப்பு இருந்தது. இப்போது கோபம்தான். வைரஸ் மேல் கோபம் வரவில்லை, அது அப்படித்தான். இதுகளுக்கு எங்கே போயிற்று புத்தி? என் கைடு ஒவ்வொரு புரதமாக எடுத்துவிட்டுப் பார்க்கச் சொன்னார், எதை எடுத்தால் வைரஸ் நிற்கிறது என்று. எடுத்தேன். நின்றது. ஆனால் மறுநாள் செல் வளர்க்கிற தட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்தால் செல்களும் உருண்டு திரண்டு மிதக்கும், செத்துப்போய். வைரஸுக்கு எது வேண்டுமோ அதுதான் செல்லுக்கும் உயிர். ஒன்றை விட்டு ஒன்றை வெட்ட முடியவில்லை. இன்றுவரைக்கும் இதற்கு உருப்படியான மருந்து இல்லாததற்கு அதுவும் ஒரு காரணம். பட்டம் கொடுத்தார்கள், கைதட்டினார்கள், அண்ணன் வேனில் ஆள் ஏற்றிக்கொண்டு வந்திருந்தான், என்ன கண்டுபிடிச்ச தாயி என்று கேட்டான், ஒன்றும் பண்ண முடியாது என்று கண்டுபிடித்தேன் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

மருந்து இல்லை, ஒரே வழிதான். எதிர்ப்புச் சக்தியை அமுக்குகிற மாத்திரையைக் குறைக்க வேண்டும். குறைத்தால் அண்ணன் உடம்பே கொஞ்சம் தலைதூக்கி வைரஸைத் தட்டி உட்கார வைக்கும். ரொம்பக் குறைத்தால் உடம்பு கிட்னியையே தாக்கும். அந்த இடைவெளியில்தான் நடக்க வேண்டும், பிலோமினா அதற்குக் கெட்டிக்காரர், எத்தனையோ பேரை நடத்திக் கூட்டிப் போயிருக்கிறார். ஊசியில் ஒரு துண்டு எடுத்துப் பார்த்தார்கள், கிட்னியில் அங்கங்கே வடு விழ ஆரம்பித்திருந்தது. வடு விழுந்த இடம் திரும்பாது. ‘பாதியாக் கொறைச்சிருக்கேன் மங்கை, ரெண்டு மாசத்துல வைரஸ் எறங்கணும், எறங்கிரும், எறங்கலேன்னா மிச்சமும் போயிரும், திரும்ப டயாலிசிஸ்தான்’ என்று என்னிடம் சொன்னார். அந்த ரெண்டு மாசத்தின் முடிவுதான் இப்போது உள்ளே சுற்றிக்கொண்டிருக்கிறது. இறங்கியிருக்கும். எல்லோருக்கும் இறங்குகிறது. அறுபது வயசுச் சர்க்கரைக்காரர்களுக்கே இறங்கிப் பார்த்திருக்கிறேன், அவனுக்கு இறங்காதா. மாத்திரையைக் குறைத்தால் இறங்கும். குறைத்திருக்கிறது. அதனால் இறங்கும். ஆனால் முந்தாநாள் கிரியேட்டினின் ஏறியிருந்தது, கிட்னி கழிக்க வேண்டிய கழிவு ரத்தத்திலேயே தங்கினால் அது ஏறும், ஏறியிருந்தால் என்ன, வெயில் காலம், தண்ணீர் குறைவாகக் குடித்திருப்பான். அவனா குறைவாகக் குடிப்பான்? மாத்திரையைக் குறைத்தால் இறங்கும். குறைத்திருக்கிறது.

ஹபீபா டீயோடு வந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு வடை வேண்டுமா என்று கேட்கவில்லை. பக்கத்தில் நின்றாள், நகரவில்லை. ‘ஒங்கண்ணனோட மாத்திரை லெவல் வந்துருச்சுடி’ என்றாள். ரத்தத்தில் மாத்திரை எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிற சோதனை அது, பக்கத்து அறையில் அவள்தான் செய்கிறாள். ‘எறங்கவே இல்ல. கொறைக்கிறதுக்கு முன்னாடி எப்பிடி இருந்துச்சோ அப்பிடியே இருக்கு. ரெண்டு தடவ போட்டுப் பாத்துட்டேன்.’ டீ சூடாக இருந்தது, குடித்துவிட்டேன், நாக்கு பொத்துப்போயிற்று. போன மாசமும் அதிகமாகத்தான் இருந்தது, ஆனால் அன்று அவன் காலை மாத்திரையைப் போட்டுவிட்டு வந்துவிட்டான், போடுவதற்கு முன்னால்தான் ரத்தம் எடுக்க வேண்டும், போட்ட பிறகு எடுத்தால் கணக்கே இல்லை என்று பிலோமினா திட்டி அந்த ரிசல்ட்டைத் தள்ளிவிட்டார். அதனால்தான் இந்தத் தடவை நானே காலையில் அவனை உட்கார வைத்து, மாத்திரை போடுவதற்கு முன்னால், என் கையால் எடுத்தேன். என் கையால் எடுத்தது பொய் சொல்லாது. அப்படியென்றால். வயிற்றுப்போக்கு இருந்தாலும் லெவல் ஏறும், ஆனால் அவனுக்கு இல்லை, கேட்டேனே. வேறு மாத்திரை எதுவும் சேர்ந்தால் ஏறும், பூஞ்சைக்குக் கொடுக்கிற மாத்திரை, அதுவும் இல்லை. ஏதாவது பழம்? நாட்டு மருந்து? உசிலம்பட்டியில் யாராவது கஷாயம் கொடுத்து, கிட்னிக்கு நல்லது என்று, அங்கே எல்லோரும் டாக்டர். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன், எதை எடுத்தாலும் அது நிற்கவில்லை. மாத்திரையைக் குறைத்திருக்கிறது. யார் குறைத்தது? பிலோமினா சீட்டில் குறைத்தார். சீட்டில்.

சொர்ணம் மதினிக்குப் போன் போட்டேன். அடுப்பில் ஏதோ தாளிக்கிற சத்தம். மதினி, அண்ணன் மாத்திரை எப்படிச் சாப்பிடுது என்று கேட்டேன். சத்தம் நின்றது, அடுப்பை அணைத்துவிட்டாள் போல. ‘எப்பயும் போலத்தான் மங்கை’ என்றாள். எப்பயும் போல என்றால், காலையில் எத்தனை. அவள் சொன்னாள். பழைய கணக்கு. முழுசாக. ‘பழைய அட்டை நெறைய மிச்சம் கெடக்கு, புதுசா எழுதிக் குடுத்ததோட அதையும் சேத்துப் போட்டுக்கிறாரு. நாஞ் சண்ட போட்டேன் மங்கை, டாக்டரம்மா சொன்னது ஒண்ணு நீங்க பண்றது ஒண்ணுன்னு. கேக்க மாட்டேங்குறாரு. டாக்டரம்மாவுக்கு என்ன போகுது, போறது ஏந் தங்கச்சி தலைங்கிறாரு. நீதான சத்தியம் வாங்குன.’

ஆமாம். வாங்கினேன். எல்லோரும் வாங்குவது மாதிரி வாங்கினேன், எங்கள் வீட்டில் எதற்கெடுத்தாலும் தலையில் அடித்துச் சத்தியம்தான், பீடியை விடுவதற்கு, சீட்டாட்டத்தை விடுவதற்கு, மாமா குடிக்காமல் இருப்பதற்கு, வாங்கிக்கொண்டே இருப்போம், அவர்களும் மீறிக்கொண்டே இருப்பார்கள், யார் தலையும் போனதில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போகிற அன்று, இவன் ஒரு சோம்பேறி, மாத்திரையை மறந்து தொலைப்பான், அலட்சியமாகக் குறைப்பான் என்று பயந்து அவன் கையைப் பிடித்து என் உச்சந்தலையில் வைத்தேன். ஒரு மாத்திரை குறைக்கமாட்டேன், ஒரு வேளை விடமாட்டேன், என் தங்கச்சி தலை மேல சத்தியம் என்று சொல்ல வைத்தேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். கை கனமாக இருந்தது, ஊசி குத்தின இடத்தில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது, என் முடி அதில் சிக்கி இழுத்தது. நான் நம்புகிறவள் இல்லை. அவனை நம்ப வைக்கலாம் என்று பார்த்தேன். மதினி இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். ‘மொத ஒரு வாரம் கொறைச்சுத்தான் சாப்புட்டாரு. அந்த வாரந்தான நீ ஸ்கூட்டில இருந்து விழுந்த.’ காளவாசல் பக்கத்தில் மணலில் சறுக்கி விழுந்தேன், தலையில் தையல் போட்டார்கள், ஒன்றும் பெரிதில்லை. அண்ணன் பஸ் பிடித்து வந்தான், கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று தையலையே பார்த்தான், அவன் முகம் அப்படி வெளிறி நான் பார்த்ததில்லை, டயாலிசிஸ் காலத்தில்கூட. ‘சரி பண்ணிர்றேன் தாயி’ என்றான். எதை என்று கேட்டேன். ஒண்ணுமில்ல, தூங்கு என்றான். ஸ்கூட்டியைச் சரி பண்ணுவதைச் சொல்கிறான் என்று நினைத்தேன். மனுஷனுக்கு எதிரே நின்று கேட்டும் புரியவில்லை, இதில் செல்லுக்குள் எந்தப் புரதம் எதோடு பேசுகிறது என்று எட்டு வருஷம் ஒட்டுக்கேட்டேன்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் ஒரு கோடு எழும்பியிருந்தது. முதலில் எழும்புவது நான் வைத்த கோடாகத்தான் இருக்க வேண்டும், வைரஸ் நிறைய இருக்கிறது என்று தெரிந்தே வைக்கிற குழாய், மிஷின் சரியாக ஓடுகிறதா என்று பார்ப்பதற்கு. அது அதற்குரிய நிறத்தில் இன்னும் தரையில் கிடந்தது. எழும்பியது வேறு நிறம். சுட்டியை அதன் மேல் கொண்டுபோய் வைக்கவில்லை. வைத்தால் எந்தக் குழாய் என்று காட்டும். வைக்காமலே தெரிந்தது, போன தடவை எங்கே எழும்பியது என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது, அதற்கும் ரொம்ப முன்னால். இது அசுத்தம் சேர்ந்ததாக இருக்கலாம், நான் கையுறை மாற்றினேனா, மாற்றினேன், வெறும் தண்ணீர் வைத்த குழாய் சுத்தமாகத் தரையில் கிடக்கிறது, அசுத்தம் இல்லை. கோடு வளைந்து, நிமிர்ந்து, மேலே போய்க்கொண்டிருந்தது, எவ்வளவு ஒழுங்காக, பாடப் புத்தகத்தில் போடலாம். பிறகுதான் நான் வைத்த கோடு எழும்பியது. வைரஸ் நிறைய இருக்கிறது என்று வைத்ததைவிட என் அண்ணனுக்கு நிறைய இருந்தது. சுட்டியை வைத்தேன். அவனுடையதுதான்.

ஹபீபா என் தோளில் கைவைத்துவிட்டு வெளியே போனாள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது, அப்படி ஒரு கோபம், காது அடைத்தது. முட்டாள். மூடநம்பிக்கை பிடித்தவன். ஊருக்கே சிக்னல் சொல்லிக்கொடுக்கிறவனுக்கு ஒரு சீட்டைப் பார்த்து மாத்திரை போடத் தெரியவில்லை. அவனுக்கு யாரும் சரியாக விளக்கியிருக்கமாட்டார்கள், அதுதான், பிலோமினா பாதி இங்கிலீஷில் பேசுவார், இவன் தலையைத் தலையை ஆட்டியிருப்பான், நான் அன்று பக்கத்தில் இருந்திருக்க வேண்டும், கிட்னி போய்விடும் என்று தமிழில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் குறைத்திருப்பான். புரியாமல் செய்துவிட்டான். புரிந்திருந்தால் செய்வானா? அவனுக்குப் போன் போட்டேன்.

எடுத்ததும் என்னிடம் பேசவில்லை. ‘கிளச்ச மெதுவா விடும்மா, மெதுவான்னேன், அது என்ன அம்மிக்கல்லா, இப்பிடி மிதிக்கிற. ஓரமா நிறுத்து. இண்டிகேட்டர் போடு மொதல்ல.’ வண்டி குலுங்கி நின்ற சத்தம் கேட்டது. கதவைத் திறந்து இறங்கினான். ‘சொல்லு தாயி.’

‘ரிசல்ட் வந்துருச்சுண்ணே. எறங்கல. ஏறியிருக்கு.’

‘நெறையவா?’

‘நெறைய.’

லாரி ஒன்று அவனைத் தாண்டிப் போயிற்று.

‘மதினி சொன்னாங்க’ என்றேன். ‘நீ மாத்திரையக் கொறைக்கவே இல்லியாமே.’

‘சொல்லிட்டாளா. சொல்லாதன்னேன்.’

‘ஏண்ணே, கொறைக்கலேன்னா கிட்னி போயிரும்னு ஒனக்குப் புரியலையா? யாரும் ஒனக்குச் சொல்லலையா? டாக்டர் சொன்னது வெளங்கலேன்னா எங்கிட்டக் கேட்ருக்கலாம்ல?’

‘வெளங்காம என்ன’ என்றான். குரலில் ஒரு பதற்றமும் இல்லை, கற்றுக்கொள்ள வந்தவர்களிடம் பேசுகிற அதே குரல். ‘டாக்டரம்மா பேப்பர்ல படம் போட்டே காட்டுனாங்க. இந்தப் பக்கம் மாத்திரை, இந்தப் பக்கம் கிருமி. கொறைக்கலேன்னா அது கிட்னியத் தின்னுரும்னு. நல்லாத்தான் வெளங்குச்சு.’

‘அப்புறம்?’

‘கிட்னி போனா எனக்குத்தான போகும்.’

திரையில் மற்றவர்களின் கோடுகளும் ஒவ்வொன்றாக எழும்பத் தொடங்கியிருந்தன. கத்தினேன். லூசாண்ணே நீ, அறிவிருக்கா, யாராவது இப்படிப் பண்ணுவாங்களா, அது வெறும் பேச்சு, தலையாவது மயிராவது, மறுபடியும் அந்த மெஷின்ல போய்ப் படுக்கப் போறியா, தண்ணியில்லாம சாகப் போறியா என்று என்னென்னவோ, கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஆட்கள் நின்று பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். அவன் முழுசும் கேட்டுக்கொண்டிருந்தான்.

‘கத்தாத தாயி’ என்றான். ‘ஒனக்கு இருக்கிறது ஒண்ணு. ஒடம்பப் பாத்துக்க.’